1.40 ரூபாயில் 57 காசு

பெரியப்பா: பெட்ரோல் விலைக்கு மாநில வரிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மேலே அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் படியுங்கள்.

மாமா: பாதிக் கதை, அத்தான். மத்திய அரசின் கலால் வரியும் இருக்கிறது.

சித்தி: ஒன்றிய அரசு! அரசமைப்பின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது.

பெரியப்பா: எப்படிக் கூப்பிட்டாலும் வரி அதேதானே அம்மா. அதிலும் மாநிலங்களுக்கு 41 சதவீதம் பங்கு போகிறதே. வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக் குழு சொன்னது.

மாமா: அங்கேதான் சூட்சுமம். 2021 பிப்ரவரி கணக்கைச் சொல்கிறேன். லிட்டருக்குக் கலால் வரி ரூ.32.90. அதில் அடிப்படை வரி ரூ.1.40 மட்டுமே. மீதி முழுவதும் செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென வாங்கும் வரி), கூடுதல் வரி. அரசமைப்பின் 270-வது பிரிவின்படி அவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது.

தம்பி: 1.40-இல் 41 சதவீதம் 57 காசு.

மாமா: அதையும் 28 மாநிலங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சித்தி: கோயில் சுண்டலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமே!

மாமா: இன்னொன்று. அந்த மாத பட்ஜெட்டுக்கு முன் அடிப்படை வரி ரூ.2.98. அதை 1.40 ஆக்கிவிட்டு, ரூ.2.50-க்குப் புதிதாக வேளாண் செஸ் போட்டார்கள். இந்த மாற்றத்தால் பங்க்கில் விலை ஏறவில்லை, அதனால் பலரும் கவனிக்கவில்லை. மாநிலங்களின் பங்கு மட்டும் கரைந்தது.

பெரியப்பா: பிறகு குறைத்தார்களே?

மாமா: குறைத்தார்கள். 2021 நவம்பரில் 5 ரூபாய், 2022 மே மாதம் 8 ரூபாய். இரண்டும் சாலை செஸ்ஸில்தான், மாநிலப் பங்கில் கைவைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியப்பா: சாலை செஸ்ஸில் போட்ட சாலையில்தானே நீயும் வண்டி ஓட்டுகிறாய்?

மாமா: ஓட்டுகிறேன். ஆனால் எங்கே சாலை என்று டெல்லி முடிவு செய்கிறது. பங்காக வந்திருந்தால் சாலையா பள்ளிக்கூடமா என்று நம் சட்டமன்றம் முடிவு செய்திருக்கும்.

பெரியப்பா: 1.40 கணக்கு எனக்குத் தெரியாது. அந்தச் செய்தியை நீக்கிவிடுகிறேன்.

அத்தை: எனக்கு ஒரு கேள்வி. ஐந்து வருடம் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தேன். அரசமைப்பின் 73-வது திருத்தத்தில் 29 துறைகளை ஊராட்சிகளுக்கு மாநிலங்கள் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். கொடுக்காமல் இருக்க அந்த ‘லாம்’ போதாதா? ஒரு தெருக்குழாயை மாற்ற எட்டு மாதம் மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருந்தேன். டெல்லியிடம் மாநிலத்துக்குக் கேட்பதை, மாநிலத்திடம் எங்களுக்கும் கேட்பீர்களா?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நீக்குவதற்குள் படித்துவிட்டேன்.