முதுமலை வேன்ல போனவங்க யாராவது புலி பார்த்திருக்கீங்களா?

ஓ.டி. பையன், கடலூர்:

அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோட 11 பேர் முதுமலை போயிட்டு வந்தோம். "மான் பார்க்கவா அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போனே?"ன்னு சித்தி இன்னும் தெரு முழுக்கச் சொல்லிட்டு இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல, அதான் எழுதறேன்.

போற வழியைப் பத்தி ரெண்டே விஷயம். நீலகிரிக்கு இ-பாஸ் முன்னாடியே எடுத்துடுங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போகாதீங்க, செக்போஸ்ட்ல எங்களோட 2 டஜன் பாட்டிலும் போச்சு. ராத்திரி 9 மணியிலேருந்து காலை 6 வரைக்கும் காப்பகத்து ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, அதனால கூடலூர்ல தங்கிட்டு விடியக்காலம் கிளம்பினோம்.

தெப்பக்காட்டுல டிக்கெட் எடுத்து வனத்துறை வேன்ல ஏறினோம். டிரைவரே எல்லாத்தையும் காட்டிக்கிட்டு வந்தார். ஏறின உடனே சித்தி, "தம்பி, புலி வருமா?" அவர் திரும்பவே இல்ல. "பேசாம வாங்கம்மா, காதுல விழும்"னார். பார்க்கலாம்னு சொல்லல, விழும்னார். அப்ப எனக்குப் புரியல.

புள்ளிமான் கூட்டம், ஒரு காட்டெருமை, மயில். ரோட்டோரம் எங்க பார்த்தாலும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கு. இது வெளிநாட்டுச் செடி, மான் வாயே வைக்காது, இது பரவின இடத்துல புல்லு முளைக்காதுன்னு டிரைவர் புலம்பினார். கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தி மண்ணைக் காட்டினார். பெரிய கால்தடம். அது தடம்னு எங்களுக்கும் தெரிஞ்சுது. ஆனா அவர் சொன்னது வேற: "முன்னாடி ஒரு வேன் போச்சு இல்ல, அதோட டயர் தடத்து மேல கால் பதிஞ்சிருக்கு பாருங்க." அப்படின்னா அந்த வண்டி போன பிறகுதான் புலி நடந்திருக்கு. அரை மணி நேரம்கூட ஆகல. எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.

இன்னும் கொஞ்சம் உள்ள போனதும் மரத்து மேல மந்தி இருமற மாதிரி ஒரு சத்தம். கீழ மானெல்லாம் வாலைத் தூக்கிக்கிட்டு ஒரே திசையைப் பார்க்குது. டிரைவர் இன்ஜினை அணைச்சார். மந்தி மேலேருந்து உதிர்க்கிற தழையை மான் தின்னும், மேல இருந்து பார்த்து அது சத்தம் குடுத்தா மான் உஷாராகும், அப்படி ஒரு உறவாம். "வர்றது புலியா, சிறுத்தையா, செந்நாயான்னு அது சொல்லாது. ஏதோ வருதுன்னு மட்டும் சொல்லும்."

வேன்ல ஒருத்தரும் மூச்சு விடல. அந்த நேரம் பார்த்து எங்க சித்தப்பா போன் நாதஸ்வரத்தோட அலறிச்சு. மான் கூட்டம் சிதறிப் போச்சு, எல்லாம் முடிஞ்சுது.

அந்தக் காடு 321 சதுர கிலோமீட்டர். ஒரு மணி நேரம் வேன்ல போறவனுக்கு இதுக்கு மேல என்ன கிடைக்கணும்? நீங்க சொல்லுங்க.

அரியாங்குப்பம் அக்கா:

நாங்க புதுச்சேரியிலேருந்து போனப்ப யானை. குட்டியோட நடு ரோட்டுல. என் பசங்க குட்டியைப் பார்த்துக் குதிக்குதுங்க, டிரைவர் பார்த்தது பெரிய யானையோட காதை. அது வரைக்கும் விசிறிக்கிட்டு இருந்த காது அப்படியே விரிஞ்சு நின்னுடுச்சு. "இனி இங்க நிக்கக் கூடாது"ன்னு ஹாரன் அடிக்காம ரிவர்ஸ்லயே ரொம்ப தூரம் வந்தார். போட்டோ ஒண்ணுகூட எடுக்கல. மறுநாள் முகாம்ல கும்கிக்கு ராகி உருண்டை குடுக்கறதைப் பார்த்துதான் பசங்க சமாதானமானாங்க.

நெய்வேலி 17வது பிளாக்:

தம்பி, நீங்க வனத்துறை வண்டியில போனீங்க, பிழைச்சீங்க. மசினகுடியில ஒருத்தர் "புலி கேரண்டி சார், நைட்டு ஜீப்"னார். அதுக்கு அனுமதியே கிடையாதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. ரெண்டு மணி நேரம் ஊரைச் சுத்தி டார்ச் அடிச்சோம். பார்த்தது 4 மாடு, ஒரு முயல். குடுத்த காசை இங்க எழுதினா வீட்டுல படிச்சுடுவாங்க.

கிள்ளைக்காரன்:

நம்ம மாவட்டத்துக்காரங்க எல்லாம் நீலகிரி ஏறறீங்க, பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு எத்தனை பேர் வந்தீங்க? 2022லேயே ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்த இடம். வந்தா மோட்டார் படகு வேணாம், துடுப்புப் படகு எடுங்க. அதுதான் குறுகலான வாய்க்காலுக்குள்ள போகும், சத்தமும் இல்ல. சுரபுன்னை விதை மரத்துலயே முளைவிட்டு நீளமாத் தொங்கறதையும், அது சேத்துல குத்திட்டு நின்னு வேர் பிடிக்கறதையும் படகுக்காரர் காட்டுவார். தில்லை மரத்தை மட்டும் தொடாதீங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான். சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே அந்த மரத்தாலதான். மார்கழி, தையில வந்தா கொக்கு, நாரை நிறைய.

ஓ.டி. பையன்:

வர்றோம் அண்ணே. சித்தி கிட்ட மட்டும் முதலைன்னு எதுவும் சொல்லிடாதீங்க, பிறகு அதுவும் வரலன்னு என்னைத்தான் திட்டுவாங்க.

கடலூர் ஹார்பர்:

அந்தச் சித்தப்பா நான்தான். டவரே இல்லாத காட்டுல எவன் கூப்பிடுவான்? அது அலாரம். தினம் காலை ஏழரைக்குச் சுகர் மாத்திரை. வயசு ஆனா உனக்கும் அடிக்கும்டா.

இன்னொண்ணும் சொல்றேன். போன் அடிச்ச உடனே நீங்க 10 பேரும் திரும்பி என்னை முறைச்சீங்க. எனக்கு உங்க மூஞ்சியைப் பார்க்க வெட்கமா இருந்துச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். உண்ணிப் புதருக்குப் பின்னால செம்பட்டையா ஒண்ணு ஓடுச்சு, அது பின்னாலயே இன்னொண்ணு. இறங்கறப்ப டிரைவர் கிட்ட மெதுவாக் கேட்டேன். "வாலு எப்படி இருந்துச்சு?"ன்னார். புசுபுசுன்னு கருப்பா இருந்துச்சுன்னேன். "செந்நாய்"னார்.

ஓ.டி. பையன்:

சித்தப்பா, இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?

கடலூர் ஹார்பர்:

சேலம் வர்ற வரைக்கும் என்கூட ஒருத்தரும் பேசலையேடா.