பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்குது, ஏன்?

கேள்வி (பென்னாகரம், சுகாதாரத் தன்னார்வலர்):
மாசா மாசம் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கிறோம். அம்லோடிபின் 5 மி.கி., சிலருக்குக் கூடவே டெல்மிசார்டன் 40. அடுத்த மாசம் போனா சாமி மாடத்துல அட்டை அப்படியே இருக்கு. "தினமும் போடறேன் கண்ணு"ன்னு சொல்றாங்க, பிரஷர் 170/100 காட்டுது. அதட்டியும் பார்த்தாச்சு. எங்கே தப்பு நடக்குது?

செவிலியர், கிருஷ்ணகிரி:
அதட்டினா அடுத்த முறை அட்டையை ஒளிச்சு வைப்பாங்கம்மா. 2021 ஆகஸ்ட்ல எங்க மாவட்டத்துச் சாமனப்பள்ளியில, வீட்டுக்கே மருந்து கொண்டுவர்ற இந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கினப்புறம் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற அலைச்சல் குறைஞ்சது. மிச்சக் காரணமெல்லாம் வீட்டுக்குள்ளதான் இருக்கு. "போட்டீங்களா"ன்னு கேட்காதீங்க. "எல்லாருக்கும் விட்டுப்போறதுதான், போன வாரம் எத்தனை நாள் விட்டுச்சு?"ன்னு கேளுங்க. அப்புறம் அட்டையை வாங்கி எண்ணுங்க. 30 கொடுத்து 28 நாள் ஆகியிருந்தா மிச்சம் 2 இருக்கணும். 14 இருந்தா 12 நாள் விட்டிருக்காங்க.

முக்கியமான காரணம் மாத்திரையிலேயே இருக்கு. அம்லோடிபின் ரத்தத்துல பாதியாக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ரெண்டு நாள் விட்டவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதுக்கப்புறம் பிரஷர் ஏறும்போதும் பெரும்பாலும் தலை சுத்தாது, வலிக்காது. "நல்லாத்தானே இருக்கேன்"னு அவங்க சொல்றது பொய்யில்லை. மாத்திரை போடறதாலதான் 130 காட்டுதுங்கிறதை மெஷினைக் காட்டியே சொல்லுங்க.

மருந்தாளுநர், தர்மபுரி:
பக்கவிளைவையும் கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க. அம்லோடிபின்ல சிலருக்குச் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். "கிட்னி போச்சு"ன்னு பயந்து நிறுத்திடுவாங்க. டாக்டர் பார்த்து அளவைக் குறைக்கவோ மாத்தவோ முடியும். எனலாப்ரில்னு இன்னொரு பிரஷர் மாத்திரை, அதுல சிலருக்கு வறட்டு இருமல் வரும். நீர் மாத்திரையைக் களையெடுக்கப் போற பெண்கள் வேணும்னே விடுவாங்க, காட்டுல ஒதுங்க மறைவிடம் ஏது? வேலை முடிஞ்சு மதியம் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. ராத்திரி வேண்டாம், தூக்கம் கெடும். அட்டெனோலால்ங்கிற பிரஷர் மாத்திரை போடறவங்க திடீர்னு நிறுத்தவே கூடாது, இதய நோய் இருந்தா நெஞ்சுவலி வரலாம்.

கம்பெனி மாறினா மாத்திரையோட நிறம் மாறும். வேற மருந்துன்னு நினைச்சு ஒதுக்கிடுவாங்க. இல்லேன்னா கடையில வாங்கினதையும் நீங்க கொடுத்ததையும் சேர்த்து, ஒரே மருந்தை ரெண்டு தடவை போடுவாங்க. பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்துல வச்சுக் காட்டிடுங்க.

செவிலியர், கிருஷ்ணகிரி:
இன்னொண்ணு. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயித்துல வரச் சொன்னா பிரஷர் மாத்திரையையும் விட்டுட்டு வர்றாங்க. சில மாத்திரைக்கு பிரஷர் ஏறித் தெரியலாம், அதைப் பார்த்து டோஸும் கூடிடலாம். அம்லோடிபின் போடச் சோறு தேவையில்லை, ரெண்டு மடக்குத் தண்ணி போதும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புறவங்களுக்கு முன்கூட்டியே கூடுதல் மாத்திரை கேட்டு வாங்கி வைங்க. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடறாங்களான்னும் பாருங்க, அது பிரஷரை ஏத்தும்.

பென்னாகரம்:
நன்றிக்கா. விட்டுப்போனதை மறுநாள் சேர்த்து ரெண்டா போடலாமா?

மருந்தாளுநர், தர்மபுரி:
கூடாது. அன்னிக்கே ஞாபகம் வந்தா உடனே போடலாம். மறுநாள் ஆயிடுச்சுன்னா வழக்கமான ஒண்ணு மட்டும்தான்.