ஒபர்லின் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

அமெரிக்காவின் ஒகாயோ மாநில நண்பர்களே, ஒரு உதவி. ஒபர்லின் ஊரைப் பற்றி எங்கள் பள்ளி நூலக இதழுக்கு எழுதுகிறேன். படங்கள்தான் வேண்டும்.

1833இல் ஊரும் கல்லூரியும் சேர்ந்தே பிறந்தன. 1835இலேயே கருப்பின மாணவர்களைச் சேர்க்கத் தீர்மானித்த கல்லூரி அது. 1858 செப்டம்பரில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஜான் பிரைஸை ஆள்பிடிப்பவர்கள் பக்கத்து ஊரான வெலிங்டனுக்குக் கடத்திப் போக, ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய் விடுதியிலிருந்து மீட்டார்கள். அதற்காக 37 பேர் மீது வழக்கு! பிரைஸ் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். இதைப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இப்படித் தப்பி வந்தவர்களுக்கு உதவிய ரகசிய வழிகளை ‘நிலத்தடி ரயில்பாதை’ என்பார்கள்; அதன் நினைவாக, தண்டவாளம் ஒன்று மண்ணைப் பிளந்து வானை நோக்கி எழுவதுபோல் அங்கே ஒரு சிற்பம் இருக்கிறது. அதன் படம்தான் முதலில் தேவை, தரையிலிருந்து தண்டவாளம் கிளம்பும் இடம் தெரியும்படி. அப்புறம் டாப்பன் சதுக்கம், 1886இல் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்க வழி கண்ட சார்லஸ் மார்ட்டின் ஹாலின் வீடு.

மதுரை நண்பர்களுக்கும் ஒரு கேள்வி: அமெரிக்கன் கல்லூரியிலோ லேடி டோக்கிலோ ஒபர்லினிலிருந்து வந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் உண்டா? உங்கள் நினைவுகளையும் சேர்க்க ஆசை. நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும், பெயர் போட்டு வெளியிடுகிறோம். உள்பெட்டியில் அனுப்புங்கள்.