நெம்புகோல் ரைஃபிளும் கைத்துப்பாக்கித் தோட்டாவும்: சொல் தேவை

மடல் 1: கோவையிலிருந்து

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கிகளைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் துணையுரை எழுதி வருகிறேன். திங்கட்கிழமை காலைக்குள் ஒப்படைக்க வேண்டும். டெக்சாஸ் துப்பாக்கிக் கடை ஒன்றில் நடக்கும் காட்சியில் சிக்கிக்கொண்டேன். பழைய அமெரிக்க மேற்குப் பகுதியின் (கௌபாய்) பாணிச் சுடும் போட்டிகளில் சேர விரும்பும் ஒரு பெண்மணி, ‘பிஸ்டல் கேலிபர் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்’ ஒன்றைத் தேர்ந்தெடுக்க அங்கே வந்திருக்கிறார். கடைக்காரர் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை இட்டு, விசைக்குப் பின்னால் உள்ள வளையத்துக்குள் மூன்று விரல்களைக் கொடுத்து, அதைக் கீழ்நோக்கி முன்னால் தள்ளுகிறார். உள்ளிருந்த தோட்டா எகிறி மேசையில் விழுகிறது. வளையத்தை இழுத்து மூடியதும் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடுகிறது.

இதற்குக் ‘கைத்துப்பாக்கி உள்விட்ட நெம்புகோல் இயக்கப் புரிகுழல் துப்பாக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். திரையில் வரிக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்துகள், அவ்வாறு இரண்டு வரிகள், அவ்வளவே இடம். அடுத்த காட்சி வந்த பிறகும் இத்தொடரை வாசித்து முடிக்க இயலவில்லை. சுருக்கமாகவும், படிப்பவருக்கு உடனே விளங்குவதாகவும் ஒரு சொல் வேண்டும்.

மடல் 2: தஞ்சையிலிருந்து

அன்புள்ள நண்பருக்கு,

லீவருக்கு நெம்புகோல் என்பது பள்ளி இயற்பியல் நூல்களில் நிலைபெற்ற சொல். அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், ‘இயக்க’ என்னும் ஒட்டு தேவையற்ற சுமை. வினையடியையே பெயரோடு சேர்த்து ‘நெம்புதுப்பாக்கி’ என்று வினைத்தொகையாக்கலாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘நெம்புத்துப்பாக்கி’ என்று எழுதிவிட வேண்டாம். துப்பாக்கியா நெம்புகிறது என்று யாரேனும் கேட்பார்கள். குடிநீர் குடிப்பதில்லை, தின்பண்டம் தின்பதில்லை. நெம்பப்படும் துப்பாக்கி நெம்புதுப்பாக்கி ஆவதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை.

என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியின் ‘துஃபெக்’ வழியாக வந்தது. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளைக் காட்டி இதைத் தமிழ்ச்சொல் என்று நிறுவ முயல்வோர் நம் குழுவிலும் உண்டு. அங்கே அது உணவை உண்டாக்கி என்ற பொருளில் வரும் வினையெச்சம்; மழையைப் பற்றிய குறள் அது. எழுத்து ஒற்றுமையை வேர் ஒற்றுமையாகக் கொள்ளக் கூடாது. சுடுகலன் என்ற நல்ல சொல் இருக்கும்போது ‘நெம்பு சுடுகலன்’ என்றே எழுதலாம் என்பது என் வேண்டுகோள்.

மடல் 3: யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம் ஐயா.

எங்கள் ஊரில் இதைத் துவக்கு என்போம். அதுவும் அதே துருக்கி வேரின் மற்றொரு கிளைதான். இருந்தும் என் பேரன்வரை அந்தச் சொல் வீட்டுச் சொல்லாக இருக்கிறது. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியர் வகுத்தது வடசொல்லுக்கு. அதன் நெறி துருக்கிச் சொல்லுக்கும் பொருந்தும் என்றே நான் கொள்கிறேன். ஓசையைத் தமிழ்ப்படுத்திக்கொண்டு நானூறு ஆண்டுகளாக நம்மோடு வாழ்ந்த சொல்லை வெளியேற்றிவிட்டுச் சுடுகலனைக் கொண்டுவந்தால், அது பீரங்கிக்கும் பொருந்தும், கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும். பிரித்துக் காட்டாத சொல் கலைச்சொல் ஆகாது.

நெம்புதலிலும் எனக்கு ஐயம் உண்டு. நெம்புதல் என்றால் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்துக் கிளப்புவது. படத்தில் நண்பர் விவரித்த அசைவு அப்படி இல்லை. கிணற்றடியில் துலாவைத் தாழ்த்தி உயர்த்துவதற்கே அது நெருக்கம். துலாவும் நெம்புகோலின் ஒரு வகையே. ‘துலாத்துவக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், நாவில் நிற்கும்.

மடல் 4: ஹூஸ்டனிலிருந்து

ஐயன்மீர்,

நான் சில ஆண்டுகளாக இந்தப் போட்டிகளில் கலந்துகொள்பவள். ‘லீவர்’ என்ற பாதியில் நீங்கள் இத்தனை கவனம் செலுத்துவது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆனால், மற்றப் பாதியை எல்லோரும் கடந்துபோய்விட்டீர்கள். பிழை அங்கேதான் நேரும்.

‘கேலிபர்’ என்பதை உள்விட்டம் என்று பெயர்த்தால் படம் பார்ப்பவர் தவறாக விளங்கிக்கொள்வார். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் ஆகிய இரு தோட்டாக்களின் குண்டுகளும் ஒரே விட்டம் உடையவை; மேக்னத்தின் கூடு (குண்டையும் மருந்தையும் தாங்கும் உறை) அங்குலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதல் நீளம், அவ்வளவுதான். அதனால் .357 ரைஃபிளில் .38 தோட்டாவையும் இட்டுச் சுடலாம். .38 ரைஃபிளில் .357 தோட்டாவை இடக் கூடாது. .44 மேக்னத்தின் குண்டோ உண்மையில் .429 அங்குலமே. ஆகவே இந்தப் பெயர்கள் சுட்டுவது தோட்டாவை. அந்தப் பெண்மணி கடைக்காரரிடம் கேட்பதும் தோட்டாவைப் பற்றியே: என் ரிவால்வரில் இடும் அதே தோட்டாவை ஏற்கும் ரைஃபிள் எது? இடுப்பில் இரண்டு ரிவால்வர், கையில் ஒரு ரைஃபிள், ஒரே பெட்டித் தோட்டா. புதியவர் பலரும் .357 வாங்கி அதில் .38 சுடுவது இதனால்தான். உதை குறைவு, செலவும் குறைவு.

ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பதிலும் சொல்லுக்கு வேலை இருக்கிறது. வின்செஸ்டர் 1873 ரைஃபிளின் இயங்குபகுதி முழங்கை மடங்குவதுபோல் மடங்கி விரியும். கைக்கு மிக மென்மை, போட்டியாளர் பலருக்கும் அதுவே விருப்பம். ஜான் பிரௌனிங் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் உருவாக்கிய வின்செஸ்டர் 1892 ரைஃபிளில் இரண்டு பூட்டுத் துண்டுகள் மேலெழுந்து, குழலின் பின்புற அடைப்பைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் வலிமை கூடுதல். கைத்துப்பாக்கித் தோட்டாவை ஏற்கும் மார்லின் 1894 வெற்றுக் கூட்டைப் பக்கவாட்டில் உமிழும் என்பதால், மேலே தொலைநோக்கி பொருத்த விரும்புவோர் அதை நாடுவர். ஆனால் அதே ஆண்டின் பெயர் தாங்கிய வின்செஸ்டர் 1894, .30-30 என்ற ரைஃபிள் தோட்டாவால் புகழ்பெற்றது. இரண்டும் நெம்புகோல் துப்பாக்கிகளே. நம் சொல்லில் அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டியது தோட்டாதான்.

இன்னொன்றும் உண்டு. .44-40 தோட்டா 1873இல் வின்செஸ்டர் ரைஃபிளுக்காகவே பிறந்தது. கோல்ட் நிறுவனம் அதைத் தன் ரிவால்வருக்கு ஏற்றுக்கொண்டது 1878இல். கைத்துப்பாக்கியின் தோட்டாவை ரைஃபிள் கடன் வாங்கியது என்பது அதன் வரலாற்றில் தலைகீழ். அதனால் ‘பொதுத்தோட்டா நெம்புதுப்பாக்கி’ என்று சொல்லலாமா என்று கேட்கிறேன்.

மடல் 5: தஞ்சையிலிருந்து

அம்மையீர், தோட்டாவைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்; உள்விட்டம் என்று எழுதியிருந்தால் பெரும்பிழையாகியிருக்கும். ஆயினும் ‘பொதுத்தோட்டா’ என்றால் எதற்கும் எதற்கும் பொது என்ற கேள்வி எழும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவான தோட்டா என்று ஒருவர் பொருள் கொண்டு, .38 ரைஃபிளில் .357 தோட்டாவை இட்டுவிட்டால் என்ன ஆகும்? கைத்துப்பாக்கி என்று வெளிப்படையாகச் சொல்வதே காப்பு. ஆங்கிலத்தில் பிஸ்டல் என்பது ரிவால்வரை உள்ளடக்குமா என்று அவர்களுக்குள்ளேயே பூசல் உண்டு. தமிழில் கைத்துப்பாக்கி இரண்டையும் தழுவும். அந்த வசதியை இழக்க வேண்டாம்.

துலாவைப் பற்றி ஒரு சொல். சென்னையில் வளரும் பிள்ளை துலாவைக் கண்டதில்லை. நெம்புகோலைத் தேர்வுத்தாளிலாவது கண்டிருக்கிறது.

மடல் 6: கோவையிலிருந்து

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு துணையுரையை அனுப்பிவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் ‘கைத்துப்பாக்கித் தோட்டா ஏற்கும் நெம்புதுப்பாக்கி’ என்று இரு வரிகளாகப் பிரித்து எழுதினேன். பிற இடங்களில் ‘நெம்புதுப்பாக்கி’ மட்டும். எழுதியவர்களுள் மூவர் இதற்கு இசைந்தார்கள். யாழ்ப்பாண ஐயாவின் துலா என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆயினும் படம் பார்ப்போரில் பலர் துலாவைத் துலாராசியாகவே அறிவர் என்ற அச்சத்தால் விட்டுவிட்டேன். அவர் பொறுத்தருள வேண்டும்.

மடல் 7: யாழ்ப்பாணத்திலிருந்து

பொறுப்பதற்கு ஒன்றுமில்லைத் தம்பி. பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், ஆனால் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ரைஃபிளின் அடையாளம் குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்களாகிய மரை. அதை உங்கள் சொல் விட்டுவிட்டது. வின்செஸ்டர் 1887 என்பது மரையில்லாத குழலும் சிதறுரவைத் தோட்டாவும் கொண்ட துவக்கு; அதையும் பிரௌனிங்தான் வடிவமைத்தார், அதுவும் வளையத்தைத் தள்ளியே இயங்கும். அந்த ஆவணப்படத்தின் அடுத்த பகுதியில் கடைக்காரர் அதைக் கையில் எடுத்தால் அதற்கு என்ன பெயர் எழுதுவீர்கள்?