எத்தனை வருடம் இருந்தால் ஒரு ஊர் நம்முடையதாகும்?

அக்கராயன்_அம்மா:
மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று, “நீங்கள் வந்த ஆக்கள்தானே, உங்கட ஊர் மலையில எல்லோ?” என்று கேட்டதாம்.

1977 இனக்கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. தாத்தாவோடு சேர்ந்து காடு வெட்டியவர். நான் பிறந்ததே இங்கேதான். 2009இல் போருக்குள் எல்லாரோடும் ஓடினோம். மெனிக் பாம் அகதி முகாமில் எல்லாரோடும் வாளியோடு வரிசையில் நின்றோம். அங்கே ஊர்ப் பெயரைச் சொன்னதும் “எங்கட ஆக்கள்” என்று தறப்பாளுக்குள் தள்ளி இருந்து இடம் விட்டார்கள். திரும்பி வந்து வீடும் வேலியும் எழும்பிய பிறகுதான் இந்தப் பழைய கதை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. மற்ற இடங்களில், மற்றச் சனங்களிடம் ஒருவரை எப்படித் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முள்ளியவளையான்:
தங்கச்சி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை நினைத்துப் பாருங்கள். முதலில் பாக்குத்தெண்டல் சடங்கு, பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பது, அந்தக் கடல் நீரில் எங்கள் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரிவது, வைகாசித் திங்களில் அம்மாளிடம் போவது. நந்திக்கடல் பக்கம் மூன்று கல் வைத்துப் பொங்கும்போது பக்கத்து அடுப்புக்காரி யாரென்று என் மனைவிக்குத் தெரியாது. ஆனாலும் விறகு ஈரமென்றால் எரிகிற கொள்ளி ஒன்றை இழுத்துத் தருவாள். கோயிலில் தொழும்பு, அதாவது கோயில் பணி செய்யும் உரிமை உள்ள குடும்பங்கள் தனி, அதையும் மறைக்கக் கூடாது. பொங்குகிற மணலில் அந்தக் கேள்வி இல்லை.

மாங்குளம்_ஓக்லாந்து:
நான் இருப்பது நியூசிலாந்தில். இங்கே மாவோரி மக்கள் தங்களை அறிமுகம் செய்யும்போது பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள். என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது, என் குலம் இது. இதற்குப் பெபேகா என்று பெயர். படகைக் கவனியுங்கள் அக்கா. கடல் கடந்து வந்தவர்கள் என்பதை அவர்கள் ஒளிப்பதில்லை, பெருமையாகச் சொல்கிறார்கள். வங்கனூயி ஆற்றுச் சனம் “நானே ஆறு, ஆறே நான்” என்பார்கள். 2017இல் அந்த ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

என் மகனும் பள்ளிக்கூடத்தில் இதைப் பழகினான். பரம்பரை இல்லாதவர்கள் அந்த மலையை ‘என் மலை’ என்று சொல்லாமல் ‘அதன் அடியில் வளர்ந்தேன்’ என்று சொல்வது மரியாதை என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது.

வாய்க்கால்காரன்:
எங்கள் பக்கம் காலபோக நெல் விதைப்புக்கு முன்னம் வாய்க்கால் துப்புரவு. மண்வெட்டியோடு வந்தவரின் பெயரைக் கொப்பியில் எழுதுவோம். எங்கிருந்து வந்தவர் என்று எழுத அதில் இடமே இல்லை. உங்கள் அப்பா வாய்க்கால் வெட்டியவரா?

அக்கராயன்_அம்மா:
வெட்டினார் அண்ணை. பிடியில் ‘மு’ என்று கம்பியால் சுட்டு எழுதிய மண்வெட்டி இன்னும் கோடிக்குள் இருக்கிறது. மாங்குளம் தம்பி எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். “எங்களுக்குப் படகு இல்லையே, பஸ்தானே?” என்று கேட்டாள். அப்புறம் தாத்தாவிடம் போய் அந்த பஸ் என்ன நிறம் என்று விசாரித்து வந்து, அதைத்தான் முதல் வரியாக எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் வரி குளம்.