டிராவிஸ் ஹன்டரை கார்னர்பேக்காக எப்படி எடைபோடுவது? பதிவு பார்த்தவர்கள் எழுதுங்கள்

பவுண்டரி_கார்னர்:

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும், எதிரணி ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக்காகவும் (சுருக்கமாகக் கார்னர்) ஆடுபவர் டிராவிஸ் ஹன்டர். அவர் என்றதும் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான 2024 ஹைஸ்மன் கோப்பை, 96 கேட்ச், 1,258 யார்டு, 15 டச்டவுன் என்று ரிசீவர் கணக்கிலேயே பேச்சு சுற்றி வருகிறது. அதே சீசனில் கார்னராக 4 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்தார், 11 பந்துகளைத் தட்டிவிட்டார். சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான சக் பெட்னரிக் விருதும் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் ஒரே ஆண்டில் ஒரே ஆளுக்குப் போயின. இந்தத் திரியில் ரிசீவர் ஹன்டரை ஒதுக்கி வைப்போம். கொலராடோ பல்கலைக்கழக ஆட்டப் பதிவுகளை வைத்து அவரைக் கார்னராக மட்டும் எடைபோட்டவர்கள், எதைப் பார்த்தீர்கள், எங்கே கண் ஏமாறும் என்று விவரமாக எழுதுங்கள்.

முதல் விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். டிவி ஒளிபரப்பை வைத்து கார்னரை எடைபோடவே முடியாது. ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்ததும், கேமரா பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நெருங்கிவிடும், கார்னர் திரையை விட்டுப் போய்விடுவார். பந்து காற்றில் ஏறிய பிறகுதான் மறுபடி கண்ணில் படுவார். அதற்குள் அவர் வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்கும். 22 பேரும் தெரிகிற ஆல்-22 பதிவு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் குறிக்க வேண்டியவை: டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது), தூரம், பந்து எந்த ஹாஷில் (மைதான நடுவில் பந்து வைக்கும் இரண்டு கோட்டு வரிசைகளில் எதில்), கார்னர் எத்தனை யார்டு தள்ளி நிற்கிறார், ரிசீவருக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா, கண் யார் மேல், முதல் அடி எந்தத் திசையில், இடுப்பு எந்த யார்டில் திரும்புகிறது, பந்து வரும் நேரத்தில் இடைவெளி எவ்வளவு. பந்து அவர் பக்கம் வராத ஸ்னாப்புகளையும் விடக்கூடாது. நல்ல கார்னர் பக்கம் குவாட்டர்பேக் எறியத் தயங்குவார். வந்ததை மட்டும் எண்ணினால் ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து ஸ்னாப்தான் மிஞ்சும், அதை வைத்து யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.

ஹிப்_டர்ன்:

அவருடைய பெரிய பலம் தள்ளி நின்று ஆடும்போதுதான் தெரிகிறது. ஏழெட்டு யார்டு விட்டு, உடம்பைப் பாதி திருப்பி, குவாட்டர்பேக்கையும் ரிசீவரையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு பின்வாங்குவார். குவாட்டர்பேக் மூன்று காலடி பின்னால் போய் நின்றால் குட்டை ரூட் (ரிசீவர் ஓடும் பாதை), ஐந்து காலடி தாண்டினால் நீள ரூட். இதைப் படிக்கத் தெரிந்த கார்னர்கள் நிறையப் பேர் உண்டு. படித்த நொடியிலேயே கால் ஊன்றத் தெரிந்தவர்கள் குறைவு. படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: ஹன்டரின் ஊன்றும் கால் இடுப்புக்குக் கீழேயே விழுகிறது, முழங்கால் மடங்கியே இருக்கிறது, தோள் பின்னால் சாய்வதில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கால் அகலமாகப் போய்விடும், முன்னால் வர இன்னொரு அடி தேவைப்படும். அந்த ஓர் அடிக்குள், குறுக்காக உள்ளே வெட்டும் ஸ்லான்ட் ரூட்டில் பந்து ரிசீவர் கைக்குப் போய்விடும்.

பிரெஸ், அதாவது ரிசீவரை ஒட்டி நின்று தடுப்பது, வேறு கதை. என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) கம்பைன் என்ற தேர்வு முகாமில் அளந்தபோது உயரம் ஆறடிக்குச் சற்று மேல், எடை 188 பவுண்டு. ரிசீவர் முகத்துக்கு நேராக நின்று ஆடும்போது கையை விட காலையே நம்புகிறார். ரிசீவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டே கூடப் போவார், நெஞ்சில் கை வைப்பது தாமதமாகத்தான் வருகிறது. வேகம் மட்டும் உள்ள ரிசீவரிடம் இது பலிக்கும். தோள் கனத்த ரிசீவர் முதல் இரண்டடியிலேயே அவர் நெஞ்சுக்குள் கை விட்டால், கோட்டுப்பக்கம் நெருக்கித் தள்ளும் இடம் பறிபோகிறது. கொலராடோவில் பிரெஸ் ஸ்னாப்புகள் குறைவு என்பதால் பத்துப் பதினைந்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டத்தில் ‘போதிய சான்று இல்லை’ என்று எழுதுவதுதான் சரி.

கவர்_3:

ஸ்லக்கோவை யாரும் இன்னும் சொல்லவில்லை. ஸ்லான்ட் போல உள்ளே வெட்டி, சட்டென்று மேலே ஓடும் ரூட். பந்தின் மேல் இத்தனை பசி உள்ள கார்னருக்கு அதுதான் பொறி. கண் குவாட்டர்பேக் மேல் இருக்கும், அவர் தோளை ஆட்டிப் பந்தை எறிவதுபோல் பாவனை காட்டுவார், கார்னர் பாய்வார், ரிசீவர் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். ஹன்டர் இப்படிப் பாய்ந்து தப்பிய ஸ்னாப்புகள் உண்டு. திரும்பி ஓடி இடைவெளியை மூடும் வேகம் காப்பாற்றியிருக்கிறது. என்எஃப்எல் குவாட்டர்பேக் அந்த மூடும் நேரத்தைத் தரமாட்டார்.

ஆனால் ஒரு சமாச்சாரம். பாய்ந்ததையெல்லாம் தவறு என்று குறித்துவிடக் கூடாது. அவருக்குப் பின்னால் ஆழத்தில் காக்கும் சேஃப்டி இருந்தாரா என்று முதலில் பாருங்கள். கவர் 2 என்ற தடுப்பு அமைப்பில் பின்னால் பாதி மைதானத்தை சேஃப்டி காக்கிறார், அங்கே குட்டை ரூட்டை எதிர்த்துப் பாய்வதுதான் கார்னரின் வேலை. கவர் 3-ல் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு முழுக்க அவர் பொறுப்பு, அங்கே பாய்ந்தால் பிழை. சின்சினாட்டி பெங்கால்ஸில் பின்வரிசைப் பயிற்சியாளராக இருந்த ராபர்ட் லிவிங்ஸ்டன் 2024-ல் கொலராடோ டிஃபென்ஸை ஏற்ற பிறகு, ஸ்னாப்புக்கு முன் ஒரு கவரேஜைக் காட்டிவிட்டு ஸ்னாப்புக்குப் பின் வேறொன்றுக்கு மாறுவதைப் பார்க்கலாம். அதனால் ஸ்னாப் ஆகி இரண்டு நொடி கழித்து சேஃப்டிகள் நிற்கும் இடத்தை வைத்துத்தான் கவரேஜின் பெயரை எழுத வேண்டும்.

ஹாஷ்_மார்க்:

கல்லூரி மதிப்பெண்ணை அப்படியே என்எஃப்எல்-க்கு எடுத்துப் போகிறவர்கள் மைதானத்தின் அளவை மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் அகலம் 160 அடிதான். கல்லூரியில் ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்-ல் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் அகலப் பக்கம் 100 அடி, குறுகிய பக்கம் 60 அடி. குறுகிய பக்கக் கார்னருக்கு எல்லைக்கோடே துணை. என்எஃப்எல்-ல் அதே கணக்கு 89-க்கு 71 அடி அளவில் வந்துவிடும், எந்தப் பக்கம் நின்றாலும் காக்க வேண்டிய இடம் நிறைய. எனவே ஹன்டரின் ஸ்னாப்புகளை அகலப் பக்கம், குறுகிய பக்கம் என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக மதிப்பிடுங்கள். அகலப் பக்க மதிப்பெண்தான் அடுத்த நிலைக்கு நெருங்கி வரும்.

விதிகளும் வேறு. என்எஃப்எல்-ல் ஐந்து யார்டு தாண்டி ரிசீவரைத் தொட்டால் கொடி விழும்: எதிரணிக்கு 5 யார்டும் ஒரு புது முதல் டவுனும் கிடைக்கும். கல்லூரியில் அந்த ஐந்து யார்டு எல்லை கிடையாது. பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு (பந்து வரும்போது ரிசீவரைத் தடுக்கும் தவறு) கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு, என்எஃப்எல்-ல் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும், 40 யார்டு தள்ளி இழுத்தால் 40 யார்டும் போச்சு. ஹன்டர் ரிசீவரைப் பிடித்து இழுக்கிற ஆள் இல்லை. பந்தைத் திரும்பிப் பார்த்து, அதை அடையப் போகிறவர். இந்த மாற்றத்தில் அவருக்கு நஷ்டம் குறைவு என்பது என் கணிப்பு.

பட_எண்ணிக்கை:

அவர் கம்பைனில் 40 யார்டு ஓடவில்லை. வேகத்தைப் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு வழி இருக்கிறது. எல்லைக்கோட்டை ஒட்டி நேராக ஓடுகிற ஸ்னாப்பைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து யார்டுக்கு ஒரு கோடு உண்டு. முழு வேகம் பிடித்த பிறகு, இடுப்பு ஒரு கோட்டைக் கடப்பதிலிருந்து அதற்கடுத்த நாலாவது கோட்டைக் கடப்பது வரை, அதாவது 20 யார்டுக்கு, எத்தனை படச்சட்டம் என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 சட்டம் என்றால் 60 சட்டம் இரண்டு நொடி, வேகம் மணிக்கு 20.5 மைல். 58 சட்டம் என்றால் 21.2 மைல். ஒரு சட்டம் தவறினால் 0.35 மைல் மாறும், ஆகவே ஒரே ஓட்டத்தை மூன்று தடவை எண்ணிச் சராசரி எடுங்கள். குறுக்காக ஓடும் ஸ்னாப் வேண்டாம், தூரம் தப்பாக வரும். பாதத்தை வைத்து அளக்காதீர்கள், அது முன்னும் பின்னும் போகும். இடுப்புதான் நிலையான அடையாளம்.

ஃபோல்சம்_பார்வையாளர்:

என்னைக் கேட்டால் இந்த மதிப்பீட்டின் நடுநாயகம் களைப்புதான். 2024 சீசனில் இரண்டு பக்கமும் சேர்த்து 1,300 ஸ்னாப்புக்கு மேல் ஆடினார். வழக்கமான முழுநேரக் கார்னர் ஆடுவதில் இது கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதனால் ஒரு மோசமான ஸ்னாப்பைப் பார்த்ததும், அது திறமைக் குறையா மூச்சுக் குறையா என்று பிரிக்க வேண்டும். வழி எளிது: குறிப்பில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, இந்த டிஃபென்ஸ் தொடருக்கு முந்தைய அட்டாக் தொடரில் அவர் எத்தனை ஸ்னாப் ஆடினார், அதில் எத்தனை நீள ரூட் என்று எழுதுங்கள். பிறகு வரிசைப்படுத்துங்கள். ஓய்வெடுத்து வந்த தொடரிலும் ஒரு குறை அதே அளவில் தெரிந்தால் அது நுட்பக் குறை. பத்து ஸ்னாப் அட்டாக் தொடருக்குப் பிறகு மட்டும் தெரிந்தால் அது களைப்பு, கார்னராக மட்டும் ஆடினால் போய்விடும்.

அப்படிப் பிரித்தால் எனக்குத் தெரிந்தது இது. பின்வாங்கும் கால்வேலை களைப்பில் அதிகம் கெடவில்லை. கெட்டது ரன் ஆட்டத்தைத் தடுப்பது, அதாவது எதிரணி பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடுவதை எதிர்ப்பது. பந்து எதிர்ப்பக்கம் ஓடும்போது துரத்திப் போகாமல் நின்றுவிடுவதும், பிளாக்கரை மோதித் தள்ளாமல் சுற்றிப் போவதும் பிற்பகுதியில்தான் கூடுகிறது. கணுக்காலைக் குறிவைத்துத் தாழ்வாக விழும் டேக்கிள் மட்டும் ஆரம்பத்திலேயே இருக்கிறது, அது பழக்கம்.

மோதலுக்குப் பயந்தவர் என்று சொல்லிவிட வேண்டாம். 2024 செப்டம்பரில் பெய்லருக்கு எதிராக ஓவர்டைமில், கோல் கோட்டருகே, பந்தைத் தூக்கி ஓடும் பெய்லர் ரன்னிங்பேக் புகுந்தபோது ஹன்டர் மோதிய வேகத்தில் பந்து நழுவி, எண்ட் ஸோன் வழியாக உருண்டு வெளியேறியது. கொலராடோவுக்கு 38-31 வெற்றி, ஆட்டம் முடிந்தது. அந்த ஸ்னாப்பில் இடுப்பு தாழ்ந்து, கால் நிற்காமல் ஓடி, உடம்போடு போய் விழுகிறார். செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. எத்தனை தடவை செய்கிறார் என்பதே கேள்வி.

பழைய_பதிவுகள்:

ஒப்பிட ஆள் வேண்டுமென்றால் சாம்ப் பெய்லிதான் நெருக்கம். 1998-ல் ஜார்ஜியாவில் 47 கேட்ச், 744 யார்டு, கூடவே 3 இன்டர்செப்ஷன். 1999 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) வாஷிங்டன் ஏழாவதாக எடுத்து, கார்னராகவே வைத்துக்கொண்டது. 12 தடவை ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம். 1997-ல் ஹைஸ்மன் வாங்கிய மிச்சிகனின் சார்ல்ஸ் உட்சனை எல்லோரும் இழுக்கிறார்கள், ஆனால் அவர் அட்டாக்கில் அவ்வப்போது மட்டுமே வந்தவர். அவர் கார்னர் ஸ்னாப்புகள் களைப்பில்லாதவை. அந்த ஒப்பீடு ஹன்டருக்கு நியாயமில்லை. கிறிஸ் கேம்பிளையும் பாருங்கள். 2002-ல் ஒஹையோ ஸ்டேட்டில் இரு பக்கமும் ஆடி, 2004-ல் கரோலினாவுக்கு 28-ஆவதாகப் போய், கார்னராக மட்டும் நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்டார். ஹன்டரின் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் 1996-ல் டல்லஸில் 36 கேட்ச் பிடித்தது அபூர்வம். அப்போது அவர் கார்னராக ஏற்கனவே கரைகண்டவர்.

கவர்_3:

ஹன்டரை எடுக்க ஜாக்சன்வில் அணி 2025 டிராஃப்டில் இரண்டாவது இடத்துக்கு ஏற, தன் ஐந்தாவது, 36-ஆவது, 126-ஆவது தேர்வுகளோடு 2026 முதல் சுற்றையும் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்தது. பிறகு அந்த சீசனில் அவர் ஆடியது ஏழே ஆட்டம், அதிலும் ரிசீவர் ஸ்னாப்புகளே அதிகம். 28 கேட்ச், 298 யார்டு, இன்டர்செப்ஷன் இல்லை. அக்டோபர் கடைசியில் பயிற்சியில் முழங்காலின் வெளிப்பக்கத் தசைநார் காயம், அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. ஆக, கார்னர் பற்றிய நம் கேள்விகளுக்கு அந்த ஏழு ஆட்டங்களில் பதில் தேடாதீர்கள். அவர் திரும்பி ஆடும்போது முதலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் இடுப்பு ஒரே வேகத்தில் திறக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பவுண்டரி_கார்னர்:

எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: கொலராடோ 52-0 என்று வென்ற ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டத்தில் தொடங்காதீர்கள். பின்தங்கிய அணி பந்தை எறிந்தே ஆக வேண்டும், கார்னர் அதை எதிர்பார்த்தே நிற்பார். நெப்ராஸ்காவிடம் 28-10 என்று தோற்ற ஆட்டம் நல்லது, இடைவேளையிலேயே 28-0 என்பதால் நெப்ராஸ்கா எறிந்தே ஆக வேண்டிய நிலை இல்லை. அடுத்து, 37-21 என்று தோற்ற கான்சஸ் ஆட்டம். அவர்கள் தரைவழியாகவே ஓட்டித் தள்ளினார்கள். ஃபோல்சம் சொன்ன ரன் ஆட்டக் குறிப்புக்கு அதைவிட நல்ல பதிவு கிடையாது. கான்சஸ் ஸ்டேட், அரிசோனா இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். தோள்பட்டைக் காயத்தால் அவற்றை அவர் முழுதாக ஆடவில்லை.