சீட்டில் அச்சாகாத விலை

குதிரைப் பந்தயத்தில் நான் பெரிதாக வென்றவனும் அல்லன், பெரிதாகத் தோற்றவனும் அல்லன். வேலை நிமித்தம் போகும் நாடுகளில் ரேஸ்கோர்ஸ் இருந்தால் ஒரு மாலைப் பொழுதை அங்கே கழிப்பது என் வழக்கம். ஓடுவது எங்கும் குதிரைதான் என்றாலும், பணம் கட்டும் முறை மாறும்போது கூட்டத்தின் குணமே மாறிவிடுவதை அப்படித்தான் கவனித்தேன்.

இங்கிலாந்தில் முதன்முறை பந்தயம் கட்டியபோது, வரிசையாக நின்ற புக்கிகளின், அதாவது தாமே விலை சொல்லிப் பந்தயப் பணம் வாங்குபவர்களின், பலகைகளை மூன்று முறை சுற்றி வந்தேன். ஒரே குதிரைக்கு ஒருவர் ஒன்றுக்கு ஏழு என்றார். நான்கடி தள்ளி நின்றவர் ஒன்றுக்கு எட்டு என்றார். எட்டு தருபவரிடம் 5 பவுண்டைக் கொடுத்தேன். அவர் நீட்டிய சீட்டில் குதிரையின் பெயரும், வென்றால் அசலோடு சேர்த்துக் கிடைக்கும் 45 பவுண்டும் அச்சாகியிருந்தன; அதன் பிறகு ஊரே திரண்டு அந்தக் குதிரையின் மேல் கட்டினாலும் என் விலை மாறாது. குதிரை நான்காவதாக வந்தது. ஆனாலும் சந்தையில் பேரம் பார்த்து வாங்கியவனின் திருப்தி எனக்கு இருந்தது.

அந்தப் பழக்கத்தோடு ஹாங்காங்கின் ஹேப்பி வேலி மைதானத்துக்குப் போனது என் தவறு. அங்கே புக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை. ஜாக்கி கிளப் நடத்தும் டோட் மட்டுமே உண்டு. எல்லோரும் கட்டிய பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, வரியும் கிளப்பின் பங்கும் போக மிஞ்சுவது வென்றவர்களுக்குள் பிரிகிறது. 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லர் தொடங்கி வைத்த முறை இது. நான் 100 டாலர் கட்டியபோது திரையில் 12 என்றிருந்தது. கேட் திறந்தபோது அது 7 ஆகிவிட்டது. குதிரை வென்றது, ஆனால் 1,200 டாலரை எதிர்பார்த்த கைக்கு 700தான் வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் விலையே அச்சாகவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று பக்கத்திலிருந்த முதியவரிடம் முறையிட்டேன். “உங்களை ஏமாற்ற அங்கே யார் இருக்கிறார்கள்? உங்களைப் போலவே நினைத்தவர்கள் அதிகம், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தம் தாளில் பென்சிலை ஓட்டத் தொடங்கினார். அங்கே ஒவ்வொரு குதிரையின் எடையும் மருத்துவக் குறிப்பும்கூடப் பொதுவில் வெளியாகின்றன. புதன்கிழமை இரவில் பீர் குடிக்க வந்த இளைஞர்களுக்கு நடுவே அவரைப் போன்றவர்கள் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பானிலும் டோட் முறைதான். வென்றவரின் பங்கும் அப்படியொன்றும் தாராளமில்லை, ஏனெனில் கட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அரசுக் கருவூலத்துக்கே போய்விடுகிறது. ஆயினும் குதிரையை நேசிக்கும் ரசிகர்களை நான் அங்கேதான் கண்டேன். ஒரே குதிரைக்கு வின் (முதலிடம்), பிளேஸ் (முன்னணி இடங்களில் ஒன்று) இரண்டையும் சேர்த்துக் கட்டினால், சீட்டில் ‘கன்பாரே’, அதாவது ‘விடாமல் முயற்சி செய்’ என்று அச்சடித்துத் தருகிறார்கள். அந்நாட்டின் கொச்சி நகரில் ஓடிய ஹாரு உராரா என்ற பெண்குதிரை 113 பந்தயங்களில் ஒன்றில்கூட வென்றதில்லை. ஜப்பானிய மொழியில் பந்தயம் பலிக்காமல் போவதற்கும் வாகனம் மோதாமல் தப்புவதற்கும் ஒரே சொல் என்பதால், அதன் மேல் கட்டித் தோற்ற சீட்டை மக்கள் விபத்துக்குக் காப்பாக வைத்துக்கொண்டார்கள். இந்த அன்பை எந்த விளம்பரமும் வாங்கித் தந்திருக்காது என்பது என் எண்ணம்.

துபாயின் மெய்தான் ரேஸ்கோர்ஸில் பந்தயம் கட்டவே முடியாது. வெற்றியாளர்களை ஊகித்து இலவசமாக நிரப்பும் போட்டி அட்டை ஒன்று கொடுத்தார்கள், அவ்வளவே. 1996இல் தொடங்கிய துபாய் உலகக் கோப்பைப் பந்தயத்துக்கு 1.2 கோடி டாலர் பரிசு வைக்க ஆட்சியாளர்களால் முடிகிறது, கூட்டமும் வருகிறது. வேறெந்த நாட்டுக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனிலோ 1961இல் தெருவோரப் பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்தது முதல், கட்டுபவர் மைதானத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லை. புக்கிகளின் மொத்த லாபத்தில் 10 சதவீதம் லெவி என்ற கட்டாயத் தொகையாக விளையாட்டுக்குத் திரும்புகிறது என்றாலும், ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில் ஏறக்குறைய காலியான கேலரியின் முன்னே எட்டுக் குதிரைகள் ஓடி முடித்ததைப் பார்த்தேன். அந்தப் பந்தயம் யாருக்காகவோ ஓடியது. அங்கே நின்றிருந்த எங்களுக்காக அல்ல.

சிங்கப்பூரின் கிராஞ்சியில் கண்டதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 30,000 பேர் கொள்ளும் அந்த மைதானத்தில், உள்ளூர்க் குதிரைகள் கடைசி வளைவில் திரும்பும்போதுகூட, உள்கூடத்தில் இருந்தவர்கள் திரையில் ஓடிய ஹாங்காங் பந்தயத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. 1842இல் தொடங்கிய அந்நாட்டுப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று முடிவுக்கு வந்தது. வெளிநாட்டுக் குதிரைகளின் மேல் பணம் கட்டும் வசதி மட்டும் அங்கே இன்றும் இருக்கிறது.